தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

மார்ச் 4, 2024, ஊத்தான் மெலிந்தாங், மலேசியா

தம்பிக்குப் பெண் பிறந்து ஒன்பது நாளாகிறது. தேசியப் பதிவிலாகாவில் 60 நாளுக்குள் பதிய வேண்டும், பெயர்தான் முடிவாகவில்லை. பாட்டியின் பெயரையே வைக்கலாம் என்றேன். "குப்பம்மாளா? ஸ்கூல்ல பிள்ளையைக் குப்பைன்னுதான் கூப்பிடுவாங்க, அக்கா" என்றான். அவன் பயம் புரிகிறது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

மார்ச் 6

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பாட்டியிடம் கேட்கத் தயக்கமாக இருந்ததால், பாகான் டத்தோவில் இருக்கும் அத்தையிடம் போனேன். தென்னந்தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்.

பாட்டிக்கு முன் பிறந்த மூன்றும் தங்கவில்லையாம். இரண்டை மலேரியாக் காய்ச்சல் கொண்டுபோனது. நான்காவதாகப் பாட்டி பிறந்ததும், கொள்ளுப்பாட்டி பச்சைக்குழந்தையை முறத்தில் கிடத்தி, லயத்துக் கடைசியில் இருந்த குப்பைமேட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்திருக்கிறார். பேசி வைத்தபடி பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா எடுத்துக்கொண்டார். "எங்க பக்கம் இப்படி எடுத்த பிள்ளைக்குப் பென்டம்மான்னு பேரு" என்றாராம். தெலுங்கில் பென்ட என்றால் எருக்குப்பை. அப்புறம் ஒரு படி தவிடு கொடுத்துப் பிள்ளையைத் திரும்ப வாங்கியிருக்கிறார்கள். குப்பையில் கிடந்ததை எமனும் சீண்ட மாட்டான் என்ற நம்பிக்கை.

"உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்று சொல்லி எங்களை அழவிடுவார்களே, அது வெறும் விளையாட்டு என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மார்ச் 7

தூக்கம் வரவில்லை. குப்பாயி, குப்புசாமி, பிச்சையம்மாள், தவிட்டாயி, மூக்கு குத்திவிட்ட மூக்கம்மாள்: தோட்டத்தில் கேட்ட பெயர்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லாருக்கும் அப்படியே வந்தது என்று சொல்ல முடியாது, பாட்டி பெயரைப் பேத்திக்கு இடுவதும் உண்டு. ஆனால் முதலில் அந்தப் பெயரை இட்ட தாய்க்கு என்ன நேர்ந்திருக்கும்! இழிவு என்று நாம் கூசும் பெயரை, பிள்ளை பிழைக்கட்டும் என்று ஒருத்தி நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு வைத்திருக்கிறாள். பாட்டியின் அடையாள கார்டில் அந்தப் பெயர் 'குபாமா' என்று கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கும்.

மார்ச் 10

பாட்டியிடமே கேட்டுவிட்டேன். பிள்ளை அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"இதுக்கு முன்ன ஏதும் தவறிச்சா?"

"இல்ல பாட்டி, இதுதான் தலைப்பிள்ளை."

"அப்ப இவளுக்கு எதுக்கும்மா அந்தப் பேரு? எங்கம்மாவுக்குத் தேவைப்பட்டுச்சு, வச்சா. நீங்க நல்ல பேரா வைங்க."

மார்ச் 12

வெண்ணிலா என்று பதிந்தாயிற்று. பாட்டி இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.