சொன்னது நான்தானே, ரீச்சர்

"எழுதினது போன் எண்டாலும் சொன்னது நான்தானே, ரீச்சர்?" என்று தரம் 8 மாணவன் கேட்டான். "சோதினைக்குள்ள போன் விடமாட்டினம்" என்பதுதான் அன்று அவனுக்குக் கிடைத்த பதில். அது பொய்யில்லை. சாதாரண தரப் பொதுப் பரீட்சையில் தமிழ்க் கட்டுரையைப் பேனாவால்தான் எழுத வேண்டும். ஆனால் அவன் கேட்டது சோதனையைப் பற்றி இல்லையே.

கொப்பியில் மூன்று வரிக்கு மேல் நகராத பிள்ளை அவன். பேசினால் போனே எழுதித் தரும் குரல்வழித் தட்டச்சில் ஒரு பக்கம் சொல்லியிருந்தான். ஜிபோர்ட் என்ற கூகுள் விசைப்பலகைச் செயலியில் தமிழ் (இலங்கை) என்று தெரிவுசெய்து, வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் போனைப் பிடித்து, ஒவ்வொரு வசனமாகச் சொல்ல வேண்டும். இடையில் யோசித்து நின்றால் மைக் தானாக நின்றுவிடும். அரைச்சுவர் மண்டபத்தில் பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடும் சேர்ந்து பதிவாகும் என்பதால் வெளியே மரத்தடிக்கு அனுப்புவோம். முற்றுப்புள்ளி வராது. அதைக் குறையென்று நான் நினைப்பதில்லை. வாசித்துப் பார்த்து எங்கே நிறுத்துவது என்று பிள்ளையே தீர்மானிக்கிறது. திருத்தி எழுதுதல் அங்கேதான் தொடங்குகிறது.

குளம் நிரம்பி வான் பாய்ந்த இரவைப் பற்றி அவன் சொன்னதில் ஒரு வசனம்: "தண்ணி வாற சத்தம் கேட்டுத்தான் அம்மா மாட்டை அவிட்டு விட்டவ." போன் அதில் 'வாற' என்பதை 'வார' ஆக்கியிருந்தது, அவ்வளவுதான். அதையே கொப்பியில் எழுதச் சொன்னபோது வந்தது: "வெள்ளம் ஏற்பட்டது. மக்கள் பாதிக்கப்பட்டனர்."

மாடும் இல்லை, அம்மாவும் இல்லை. றகரமா ரகரமா என்று தடுமாறும் பிள்ளை, தனக்குப் பிழையின்றி எழுத வரும் சொற்களுக்குள் ஒதுங்கிக்கொள்கிறது. பாடப்புத்தகத்தில் பலமுறை பார்த்த வசனம் கைக்குப் பாதுகாப்பு.

அப்படியானால் போனிலேயே விட்டுவிடலாமா? அதற்கும் மனம் ஒப்பவில்லை. ஆங்கில எழுத்தால் தமிழ் அடிக்கும் முறையில் 'palli' என்று தட்டினால் பள்ளி, பல்லி இரண்டும் மேலே வரிசையில் வரும். பிள்ளை முதலில் தெரிவதைத் தொட்டுவிட்டுப் போகும். தமிழ்99 விசைப்பலகையில் ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி விசை. ஒவ்வொரு முறையும் யோசித்துத்தான் தொட வேண்டும். செல்லினம் செயலியில் அது இருக்கிறது. சொல் பரிந்துரையையும் அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பாதிச் சொல்லிலேயே மீதியைப் போன் நிரப்பிவிடும். அதனால்தான் முதலில் சொல்வது, பிறகு தமிழ்99இல் அடிப்பது, கடைசியாகக் கொப்பி என்ற ஒழுங்கை வைத்தோம். அந்த ஒழுங்கு சரியென்றே இன்னமும் நினைக்கிறேன். ஆனால் அதன் கடைசிப் படியில்தான் மாடு காணாமற்போனது.

இப்போது கொப்பியில் எழுதும்போது சொன்னதன் பிரதியும் மேசையில் இருக்கலாம். மாற்றக்கூடாத வசனம் ஒன்றைப் பிள்ளையே தெரிந்து கோடிட வேண்டும். பார்த்து எழுதுவது எழுத்தாகுமா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்கிறார். அதுவும் நியாயமான கேள்விதான். ஒரு பாடவேளையில், நாலு பேருக்கு ஒரு போன் என்றால், கோடிடும் கட்டத்துக்கே பலர் வந்து சேர்வதில்லை. கோடிட்ட வசனத்தில் பேச்சுவழக்கில் 'வாற' என்றே எழுதினால் புள்ளி குறைப்பதா என்பதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. நான் குறைப்பதில்லை. சாதாரண தர விடைத்தாளைத் திருத்துபவர் குறைப்பார் என்றும் தெரியும்.