சுபஹுக்கு எழும்பினாரா?

மூதூரிலிருந்து ஒரு மீன்பிடிக்காரரைக் கொண்டுவந்தார்கள். வலப்பக்கம் விழுந்திருந்தது, பேச்சில்லை. நான் திருகோணமலைக்கு வந்து சில மாதங்கள்தான். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று மகனிடம் கேட்டேன்.

"எட்டு மணி டொக்டர். வாப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழ போட்டுட்டாரு."

ஒன்பதே முக்காலுக்கு ஸ்கேன் முடிந்தது. இரத்தக்கசிவு இல்லை. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைத் தயார்செய்யச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற நேர்ஸ் கிண்ணியாக்காரர். அவர் நோயாளியின் மனைவியிடம், விடியற்காலைத் தொழுகையான சுபஹைப் பற்றி மெதுவாகக் கேட்டார்: "சுபஹுக்கு எழும்பினாரா?"

"எழுப்பினன். கை தூக்க ஏலாமக் கிடந்தாரு. கடலுக்குப் போய் வந்த அசதி எண்டு விட்டுட்டன்."

ஊசி திரும்பிப் போனது. பாரிசவாதத்தில் கணக்கு, ஆள் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்கும். இவருக்கு அது முதல்நாள் இரவு படுக்கப்போன நேரம். அந்த மருந்தை மூன்று மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் பலன் உண்டு என்று 1995இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. 2008இல் ஐரோப்பிய ஆய்வொன்று அதை நாலரை மணித்தியாலமாக நீட்டியது. பிந்திப்போனால் பலன் குறையும், மூளைக்குள் இரத்தம் கசியும் ஆபத்து மட்டும் மிஞ்சும். அன்று நான் அந்த ஆபத்தைத்தான் ஏற்றப் பார்த்தேன்.

வெட்கம் எங்கே என்றால், அதற்கு முன் வெளிநாட்டில் ஆராய்ச்சிப் பிரிவொன்றில் இருந்தபோது என் வேலையே நோயாளர் படிவங்களைச் சரிபார்ப்பதுதான். 'நோய் தொடங்கிய நேரம்' என்ற கட்டத்தில் 8.00, 9.00 என்று முழு எண் இருந்தாலே சந்தேகப்படு என்பார் என் மேற்பார்வையாளர். மூளை முழு மணிக்குக் காத்திருந்து அடைபடுவதில்லையாம். அந்தப் பகிடிக்கு ஒவ்வொரு முறையும் சிரித்தவன் நான். மூதூர் மகன் "எட்டு மணி" என்றபோது அது எங்கே போனதோ!

அப்புறம் ஒரு கொப்பி போட்டேன். இந்தப் பக்கத்துச் சனம் எதை வைத்து நேரம் சொல்கிறார்கள் என்று எழுதத் தொடங்கினேன். பாங்கு, கோயில் மணி, கரைவலை இழுக்கிற நேரம், பள்ளிக்கூட வான், கரண்ட் போன நேரம். எந்தச் சஞ்சிகையும் இதைப் போடாது. ஆனால் என் ஆராய்ச்சிகளில் எனக்கு அதிகம் உதவியது இதுதான்.

பாம்புக்கடியிலும் இதே கதை. கட்டுவிரியன் இரவில், பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பெரும்பாலும் வலி இருக்காது, பல்லடையாளமும் தெரியாமல் போகலாம். விடியற்காலை வயிற்றுவலி, இமை தூக்க முடியவில்லை, பேச்சுக் குழறல். வீட்டார் பாரிசவாதம் என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். "தரையில படுத்தவரா?" என்று ஒரு கேள்வி கேட்டால் பாதை திரும்பிவிடும். மூச்சுத் தசைகள் சோர்வதற்குள் செயற்கைச் சுவாசம் கொடுத்துவிட்டால், பெரும்பாலானவர்கள் எழும்பி நடந்து வீட்டுக்குப் போவார்கள். நரம்பியலில் அப்படி ஒரு சந்தோசம் எங்களுக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அங்கிருந்து வருகிறவர்கள் பாதைப் படகுக்குக் காத்துநிற்க வேண்டும். இப்போது பாலம் இருக்கிறது, 1990 என்ற எண்ணுக்கு ஃபோன் எடுத்தால் வரும் அம்புலன்ஸ் இருக்கிறது. ஆனால் "எண்ணெய் தேய்ச்சுப் பாப்பம், விடிய கொண்டுபோவம்" என்று வீட்டுக்குள்ளேயே போகிற நேரத்துக்குப் பாலம் போட முடியவில்லை.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவ மாணவர்களுக்கு வகுப்பெடுக்கக் கூப்பிட்டபோது, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் விறைப்பாகத்தான் போனேன். ஒரு மாணவி எழும்பினார்: "சேர், நோயாளி முதல்ல எங்களிட்டத்தானே வருவார். அப்ப நாங்க என்ன செய்யிறது?" என் ஸ்லைடு ஒன்றிலும் அதற்குப் பதில் இல்லை. ஸ்லைடுகளை விட்டுவிட்டு அதைப் பற்றியே கதைத்தோம். வாய் கோணினால், கை கீழே சரிந்தால், பேச்சுக் குழறினால், மூன்றில் ஒன்று போதும். தைலம் எடுக்காமல் ஃபோன் எடுங்கள் என்றேன். பெரிய இரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்புக்கலங்கள் சாகின்றன என்றதும் மண்டபம் அமைதியாகிவிட்டது. அதன்பின் அங்கே போவதற்கு நானே நாள் கேட்பேன்.

வார்ட்டிலும் இப்போது இன்டேர்ன் டொக்டர்மாருக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது சுத்தியலால் முழங்காலைத் தட்டுவதை அல்ல. போன மாதம் ஒரு இரவு, நிலாவெளியிலிருந்து வந்த அம்மா ஒருவருக்குப் பேச்சு வரவில்லை. பேத்தி "இப்பதான், இப்பதான்" என்று அழுதுகொண்டு நின்றாள். நான் வாய் திறக்குமுன் இன்டேர்ன் பிள்ளை கேட்டுவிட்டார்.

"அம்மம்மா இரவு நாடகம் பாத்தவவா?"

"ஓம். விளம்பரம் போகேக்க ரிமோட் கையில இருந்து விழுந்தது. நான்தான் எடுத்துக் குடுத்தன்."

"அதுக்கு முதல் நல்லாக் கதைச்சவவா?"

"கதைச்சவ. அந்த மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்தவ."

படிவத்தில் 8.40 என்று எழுதிவிட்டு, ஸ்கேன் அறைக்கு ஃபோன் எடுத்தார் அவர்.