வீடும் காடும்: ஆனி, ஆடி

ஜூன் 19, புதன்

சினையாக இருக்கும் எங்கள் குதிரை செவலை இன்னும் மடி விடவில்லை. போன வருஷம் ஆகஸ்ட் நடுவில் சேர்த்தது. குதிரைக்குப் பதினோரு மாதம், 340 நாள் என்பது கணக்கு. அதில் முன்னே பின்னே ஆகும். அப்படிப் பார்த்தால் ஆடி பிறந்து சில நாளில். காலண்டரில் வட்டம் போடாதே, தள்ளிப்போகும் என்கிறாள் அம்மா.

அப்பாவுக்கு இன்று டயாலிசிஸ். முடிந்ததும் போனில் பேசினார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கேட்டது ஒன்றுதான். "காய் பொறுக்கினீங்களா கண்ணு?"

ஜூன் 22, சனி

காயைப் பற்றி எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க அதுவே மண்டைக்குள் ஓடும்.

எங்கள் கொறங்காட்டில், அதாவது வேலிபோட்ட மேய்ச்சல் காட்டில், நிற்பது வெள்வேலும் நாலைந்து வேம்பும்தான். சீமைக்கருவேலம் ஒன்றுகூட இல்லை. அப்பாரு காலத்திலிருந்தே முளைவிட்டதும் வேரோடு பிடுங்கிவிடுவார்கள். ஆனால் மேற்கு வேலிக்கு அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்காத நிலம், முழுக்க மண்டிக் கிடக்கிறது. மஞ்சளாகப் பழுத்த காய் காற்றுக்கு உதிர்ந்து, கிளுவை வேலியைத் தாண்டி இந்தப் பக்கம் விழுகிறது. நல்ல இனிப்பு. ஆடும் மாடும் தின்று அசை போட்டுக் கொட்டையைச் சாணியில் தள்ளிவிடும். குதிரைக்கு அசை போடும் வயிறு கிடையாது. காய் குடலில் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். வாந்தி எடுக்கவும் குதிரையால் முடியாது. உள்ளே போனது பின்வழியாக மட்டும்தான் வெளியே வந்தாக வேண்டும்.

இதெல்லாம் எங்கள் ஆண்குதிரை வெள்ளை செத்துப்போன பிறகு தெரிந்துகொண்டது.

குதிரையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் காலையில் ஒரு கூடை, நான் வெயில் தாழ ஒரு கூடை. பொறுக்கியதை அங்கேயே குழி வெட்டி எரிக்கிறோம்.

ஜூன் 23, ஞாயிறு

ஒரே நாளில் இரண்டு கூடையும் நிறைந்துவிட்டது. காற்றுக்காலம் இன்னும் தொடங்கவே இல்லை.

ஜூலை 1, திங்கள்

ஒருவர் கார் போட்டுக்கொண்டு வந்தார். அண்ணன் அனுப்பினாராம். திண்ணையில் உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. நேரே ஆசாரக் கூடத்துக்குள் போய்த் தூணை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தூணாகத் தட்டினார். தொட்டியை, அந்தத் திறந்த நடுமுற்றத்தை, சுற்றி எட்டுத் தூண், எல்லாம் தேக்கு. கீழே கருங்கல் பாதம். நிலைவாசலின் பூவேலைப்பாட்டைப் போனில் படம் எடுத்தார். அப்புறம் அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்து, "ஓடு கணக்கில் வராதுங்க, மரம்தான் காசு" என்றார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டுக்கு வேண்டுமாம். பிரித்து எடுக்க ஒரு வாரம் போதுமாம்.

அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்தார். அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

குதிரை கட்டும் கட்டுத்தறிப் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செவலை ஒருதரம் கனைத்தது.

ஜூலை 2, செவ்வாய்

அண்ணன் போன். வீடு எனக்கு, காடு உனக்கு, குதிரையையும் நீயே வைத்துக்கொள், உனக்குத்தானே ஆசை என்கிறார். விட்டுக்கொடுப்பது மாதிரிதான் பேசுகிறார், அவர் மனதில் அது நியாயம்தான். எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

கிணறு வீட்டுக்குப் பின்னால், வீட்டு மனையில் இருக்கிறது. குதிரை ஒன்று நாளைக்கு 30 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும், வெயில் நாளில் அதற்கும் மேல். கொறங்காட்டுக்குள் சொட்டுத் தண்ணீர் கிடையாது. கட்டுத்தறியின் ஒரு பக்கச் சுவரே சமையல்கட்டின் வெளிச்சுவர்தான். பனிக்காலத்தில் அடுப்புச் சூடு அந்தச் சுவர் வழியாகத்தான் குட்டிகளுக்குப் போகும். தீவனம் வீட்டுப் பரணான அட்டாலியில். திண்ணையில் உட்கார்ந்தால் மூன்று பட்டியாகப் பிரித்த காடும் கண்ணுக்குத் தெரியும், எந்தப் பிராணி நிற்கிறது, எது படுத்திருக்கிறது என்று எழுந்திருக்காமலே சொல்லலாம். இதைக் கட்டியவர்கள் அழகுக்காகத் திண்ணையைத் தெற்குப் பார்க்க வைக்கவில்லை.

வீட்டை எடுத்துவிட்டால் காடு வெறும் வேலிபோட்ட நிலம். காட்டை எடுத்துவிட்டால் வீடு வெறும் மரம். நேற்று வந்தவர் அதைத்தானே பார்த்தார்.

அண்ணன் கேட்டுவிட்டு, "நீ உணர்ச்சிவசப்படற" என்று போனை வைத்துவிட்டார்.

காய்: ஒன்றரைக் கூடை.

ஜூலை 6, சனி

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். இனி வாரம் இருமுறை கோயம்புத்தூர் போய் வருவது. காரிலிருந்து இறங்கியதும் கட்டிலைத் திண்ணையில் போடச் சொன்னார். ஆசாரத்தில் காற்று வரும் என்று அம்மா சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

சாயங்காலம் பெரியவர் செவலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். திண்ணை ஓரம் வந்ததும் அதுவாகவே நின்றது. அப்பாவின் உள்ளங்கையை முகர்ந்தது. அப்புறம் ஊசி போட்ட கையின் பிளாஸ்திரியை முகர்ந்தது, மூக்கைச் சுளித்து மேலுதட்டைத் தூக்கியது. மறுபடி உள்ளங்கைக்கே வந்தது. காது இரண்டும் முன்னால் குவிந்து நுனி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. கத்தியவாரி என்ற குஜராத் குதிரை இனத்தின் ரத்தம், காதைப் பார்த்தாலே தெரியும். அப்பா கழுத்தைத் தடவிக்கொண்டே விலாவைப் பார்த்தார், வாலடியைப் பார்த்தார். "இன்னும் இளகலை. ரெண்டு வாரம் கெடக்குது" என்றார்.

இத்தனை மாதத்தில் அவர் முகம் இப்படி இருந்து நான் பார்க்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

மடி விட்டிருக்கிறது!

ஜூலை 11, வியாழன்

செவலைக்குக் கொள்ளுத் தீவனத்தைக் குறைக்கச் சொன்னார் குதிரை டாக்டர். கோதுமைத் தவிடு கொஞ்சம், மீதி எல்லாம் கொழுக்கட்டைப் புல்லும் காய்ந்த சோளத்தட்டும். தடுப்பூசி போன மாதமே போட்டாயிற்று. பக்கத்து ஊர்களில் மாட்டுக்கு வைத்தியம் பார்க்க ஆள் உண்டு, குதிரைக்குக் கை வைக்கிறவர் இவர் ஒருவர்தான். அவர் நம்பரை அடுப்பங்கரைச் சுவரில் கரியால் எழுதிவிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

அத்தை வந்தாள். பொம்பளைப் பிள்ளைக்குக் காடு எதற்கு, குதிரை எதற்கு, கட்டிக்கொடுத்த வீட்டில் இல்லாததா என்று ஆரம்பித்தாள். 2005-இல் திருத்திய வாரிசுச் சட்டத்தில் மகளுக்கும் மகனுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை என்று நான் சொன்னேன். தமிழ்நாட்டில் 1989-லேயே கொண்டுவந்துவிட்டார்கள், அதற்கு முன் கல்யாணமானவர்களுக்கு மட்டும் அப்போது கிடைக்கவில்லை. அத்தைக்குக் கல்யாணம் 1978-இல்.

அவள் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு அந்தக் கெணத்தடி வேம்பு மட்டும் போதும்னு நெனச்சேன் அப்ப. அதுகூடக் கேக்கலை" என்றாள். அவள் போன பிறகும் மனசு ஆறவில்லை. நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன், அவள் அதைச் சொல்வாள் என்று நினைக்கவில்லை.

ஜூலை 17, புதன். ஆடி 1

காற்று வந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று, எங்கள் பக்கம் தங்குதடை இல்லாமல் அடிக்கும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இங்கே வெறும் பழமொழி இல்லை. நடு ராத்திரி ஓடு ஒன்று சரிந்து தொட்டிக்குள் விழுந்து இரண்டாக உடைந்தது.

காலையில் துண்டுகளை எடுத்துக் கழுவினேன். அடிப்பக்கத்தில் அச்சு தெளிவாக இருக்கிறது: பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை, 1865. இந்த எண்ணை வைத்துத்தான் வீட்டுக்கு வயசு 1865 என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்வது. மரக்காரரிடமும் அண்ணன் அதைத்தான் சொல்லியிருக்கிறார். 1865 என்பது மங்களூரில் அந்த மிஷன்காரர்கள் ஓட்டுச் சூளை தொடங்கிய வருஷம். ஓடு எந்த வருஷம் வார்த்ததானாலும், 1865 என்ற அதே எண்ணையேதான் பதித்திருக்கிறார்கள். அப்பாவிடம் கேட்டேன். அவருடைய அப்பச்சி நாட்டு ஓட்டைப் பிரித்துச் சீமை ஓடு போட்டது 1911-இல் என்று பத்திரத்தோடு இருக்கிற செலவு நோட்டில் எழுதியிருக்கிறதாம். சுவர் அதற்கும் முந்தியது. தாது வருஷப் பஞ்சத்தில் தானியம் போட்டு வைத்த குதிர் இன்னமும் உள்ளறையில் இருக்கிறதே, அதற்குக் கணக்கு யாரிடமும் இல்லை.

மரக்காரருக்குச் சொல்லிவிடுவேன். தப்பான வயசைக் காட்டி விலை பேசுவது எங்கள் வீட்டுக்கு அழகில்லை.

காய் நாலு கூடை. நாலு! கை முழுக்க முள்.

ஜூலை 20, சனி

காம்பு நுனியில் மெழுகு கட்டியிருக்கிறது. தேன் நிறம், கடுகளவு. வாலடி தளர்ந்துவிட்டது. இன்று முதல் ராத்திரி கட்டுத்தறியில்தான் படுக்கை.

ஜூலை 21, ஞாயிறு. பௌர்ணமி

ஒன்றும் இல்லை. ஆள் விழித்திருந்தால் குதிரை ஈனாது, இருட்டும் தனிமையும் வேண்டும் என்கிறார் பெரியவர். அதனால் படலுக்கு வெளியே போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். கண்ணை மூடினால் வெள்ளை வருகிறது. விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், வயிற்றை உதைக்கும், படுக்கும், எழுந்திருக்கும். லத்தி வரவே இல்லை. டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு பாரஃபின் ஊற்றினார். அப்பா விடிய விடிய நடத்திக்கொண்டே இருந்தார். வெள்வேல் அடியில் புதைத்தோம்.

எனக்கு இன்று எல்லாரிடமும் கோபம் வருகிறது. அண்ணனிடம், மேற்கு வேலிக்காரரிடம், எதற்கும் அசையாமல் புல் தின்னும் இந்தச் செவலையிடம்.

ஜூலை 22, திங்கள்

இன்றும் இல்லை.

ஜூலை 24, புதன்

ஈன்றுவிட்டது. ஆண் குட்டி. எழுதக் கை நடுங்குகிறது, ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

மணி இரண்டரை இருக்கும். செவலை சுற்றிச் சுற்றி நடந்தது. கழுத்து வியர்த்தது. அதற்குள் பனிக்குடம் உடைந்து தண்ணீர் கொட்டியது. எனக்குப் பயமெல்லாம் அந்தச் சிவப்புப் பை. வெளியே வருவது வெள்ளையாகவோ நீலம் பூத்தோ இருந்தால் சரி, வெல்வெட் மாதிரிச் சிவப்பாக வந்தால் நஞ்சுக்கொடி முன்னாலேயே பிரிந்துவிட்டது, உடனே கிழிக்காவிட்டால் குட்டிக்கு மூச்சு இல்லை. டார்ச்சை வாலுக்குக் கீழே பிடித்தேன். வெள்ளை. அதற்குள்ளே ஒரு குளம்பு, அதற்குக் கொஞ்சம் பின்னால் இன்னொன்று, உள்ளங்கால் இரண்டும் கீழ்நோக்கி. முட்டிக்கு மேல் மூக்கு. எல்லாம் சரியான கிரமத்தில்.

"இழுக்காதீங்க அம்மிணி, அதுவா தள்ளட்டும்" என்றார் பெரியவர். இழுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அரைமணிக்குள் முழுசாக வந்துவிட்டது. குளம்பின் அடியில் ஈரமான மஞ்சள் சதைக்கொழுந்து தொங்குகிறது, தாயின் வயிற்றைக் கிழிக்காமலிருக்க. தொட்டால் வழுக்குகிறது. நின்று நடந்ததும் தேய்ந்து போய்விடும்.

அப்பாவைத் திண்ணையிலிருந்து நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தோம். குட்டி நாலு காலையும் நாலு திசையில் ஊன்றி விழுந்தது, எழுந்தது, விழுந்தது. ஒரு மணி நேரத்துக்குள் நின்றுவிட்டது. கொப்பூழுக்கு அயோடின் நான்தான் வைத்தேன். மடியைத் தேடித் தாயின் முன்னங்காலை, விலாவை, சுவரைக்கூடச் சப்பியது. கடைசியில் காம்பு கிடைத்ததும் அந்தச் சின்ன வால் ஆடியதே!

அப்பா அழுதார். "இவன் வெள்ளை ஆகப்போறான் பாரு" என்றார். இப்போது கறுஞ்செவலைதான். ஆனால் கண்ணைச் சுற்றி நரைமயிர் தெரிகிறது. அப்படியிருந்தால் வருஷா வருஷம் வெளுக்கும். வெள்ளை சாகும் முன் செவலையோடு சேர்த்ததில் பிறந்தவன்.

ஜூலை 25, வியாழன்

நஞ்சு நேற்றே மூன்று மணி நேரத்துக்குள் விழுந்துவிட்டது. தரையில் விரித்துப் பார்த்தோம், கிழிசல் இல்லை. குட்டி முதல் கருப்பு மலம் போட்டது. பெரியவர் சுழி பார்த்தார். நெற்றியில் ஒன்று நடுவே, கழுத்தில் இரண்டு பக்கமும் சமமாக. நல்ல சுழி என்றார். எனக்கு அதில் நம்பிக்கை உண்டா இல்லையா என்று தெரியவில்லை, ஆனால் அவர் சொன்னதும் நெஞ்சு லேசாகிவிட்டது.

ஜூலை 28, ஞாயிறு

அண்ணன் வந்தார். கட்டுத்தறியில் வெகுநேரம் நின்றார். சின்ன வயசில் வெள்ளையின் அம்மா மேல் ஏறி விழுந்து பல்லை உடைத்துக்கொண்டதை அவரே எடுத்துப் பேசினார். மரக்காரரிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டாராம். எவ்வளவு என்று சொல்லவில்லை. திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். மகள் படிப்புக்குக் கட்டியாயிற்று என்றார். அவருக்கும் கஷ்டம் இருக்கிறது. இதற்கு முன் என்னிடம் சொன்னதே இல்லை.

அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "கெணத்தைப் பிரிக்காதீங்க" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

காற்று. ஓடு இன்னும் மூன்று. குட்டி காயைக் கடித்துப் பார்க்கிறது, அதற்குள்ளேயே! பிடுங்கி எறிந்தேன்.

ஆகஸ்ட் 3, சனி. ஆடி 18

அம்மா முளைப்பாரியைக் கிணற்றில் விட்டாள். அண்ணன் போன் செய்தார். பாதித் தொகை என்றால் புரட்ட முடியுமா என்று கேட்கிறார். என் நகையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், கிட்டத்தட்ட வரும். ஆனால் அப்படிக் கொடுத்தால் வீடும் காடும் ஒரே பத்திரமாக வர வேண்டும், கிணற்றோடு. எழுதிக் கொடுப்பாரா? திங்கட்கிழமை சர்வேயர் வருகிறார். அதற்குள் மேற்கு வேலிக்காரரையும் பார்த்துப் பேச வேண்டும். மரங்களை நாங்களே வெட்டி விறகை அவருக்கே கொடுத்துவிடுவதாகச் சொல்லலாம் என்று பெரியவர் சொல்கிறார். அந்தியூர்க் குதிரைச் சந்தை நெருங்குகிறது, குட்டிக்குக் கழுத்துக் கயிறு அங்கேதான் வாங்குவது வழக்கம். அப்பாவுக்கு இன்று மூச்சு வாங்குகிறது, காரை எடுக்கச் சொல்லியிருக்கிறேன்