ஜிம்னியின் அடிவயிற்றுக் கீறல்கள்

16 ஜனவரி 2025, வியாழன்

பொங்கலுக்கு முல்லைத்தீவுப் பக்கம் ஒட்டுசுட்டான் போயிருந்தோம். இன்று பின்னேரம்தான் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தோம். முந்நூறு கிலோமீற்றரும் எனக்கு ஒரே யோசனை.

முத்தையன்கட்டு வாய்க்கால் ஓரமாக எங்கள் வயலுக்குப் போகும் பாதையை மாரி மழை கரைத்து வைத்திருந்தது. உழவு இயந்திரங்கள் ஓடி ஓடி இரண்டு பக்கமும் ஆழமான தடம், நடுவில் முதுகெலும்பு போல ஒரு மேடு. நேற்றுக் காலை என் சுஸுகி ஜிம்னி ஜீப்பின் சில்லுகள் தடத்துக்குள் இறங்கின, வயிறு மேட்டின்மேல் அமர்ந்துவிட்டது. நாலு சில்லும் சுற்றின, வண்டி ஓர் அங்குலமும் நகரவில்லை. அப்பா உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து சங்கிலி போட்டு இழுத்தார். அம்மா முன் இருக்கையிலேயே இருந்தார். "இப்படிப்பட்ட பாதைக்குத்தானே பிள்ளை இந்த ஜீப்பை வாங்கினாய்?" என்று கேட்டார். கோபம் இல்லாமல்தான் கேட்டார். அதனால்தான் அது மனதில் நிற்கிறது.

என்னிடம் இருப்பது இந்த ஒரு வண்டிதான். 2008ஆம் ஆண்டு ஜிம்னி. கிழமை நாட்களில் காலி வீதி நெரிசலில் கோட்டைக்கு அலுவலகம் போகும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வயலுக்குப் போகும். இரண்டுக்கும் ஒத்துவரும்படி இதை உயர்த்த வேண்டும். எப்படி என்று தெரியும்வரை இங்கே எழுதப் போகிறேன்.

18 ஜனவரி, சனி

கிருலப்பனையில் எங்கள் வண்டியைப் பல வருடங்களாகப் பழுது பார்க்கும் மெக்கானிக் பாஸிடம் போனேன். "இரண்டு அங்குலமா மூன்று அங்குலமா?" என்று நான் கேட்டதும் அவர் பதில் சொல்லவில்லை. வண்டியைத் தூக்கி நிறுத்தி, கையில் விளக்கைத் தந்து, "எங்கே அடிபட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள் மிஸ்" என்றார்.

பதினாறு வருடக் கீறல்கள் அங்கே இருந்தன. சேஸிச் சட்டத்தில் ஒன்றுமில்லை. கியர்ப்பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் இரண்டு சிராய்ப்பு. அச்சுகளின் நடுவில் இருந்து சில்லுகளுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷல் உருண்டைகள் இரண்டிலும்தான் பளிச்சென்று உலோகம் தெரிந்தது, புதுக் கீறல்கள் எல்லாம் அங்கேதான். பின் ஷொக் அப்சோபர்களின் கீழ்ப் பிடிகள் நெளிந்திருந்தன. எல்லாவற்றையும் சோக்கட்டியால் வட்டமிட்டுப் படம் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தபோது வயிற்றில் ஏதோ செய்தது. ஜிம்னியில் முன்னும் பின்னும் முழு அச்சு, அதாவது இடது வலது சில்லுகளை இணைக்கும் ஒரே இறுக்கமான அமைப்பு. சுருள்வில் அந்த அச்சின்மேல் உட்கார்ந்திருக்கிறது. நீளமான சுருள்வில் போட்டால் அதற்கு மேலே உள்ள சேஸியும் உடலும்தான் உயரும். அச்சும் அதன் நடுவில் தொங்கும் உருண்டையும் இருந்த இடத்திலேயே இருக்கும். மூன்று அங்குலம் உயர்த்தியிருந்தாலும் அந்த உருண்டை அதே மேட்டில் அதே இடத்தில்தான் உரசியிருக்கும்.

அச்சை உயர்த்துவது ரயர் ஒன்றுதான். இப்போது இருப்பது 205/70 R15, விட்டம் 668 மில்லிமீற்றர். 215/75 R15 போட்டால் ஏறத்தாழ 704. வித்தியாசத்தில் பாதிதான் அச்சுக்குச் சேரும், அதாவது 18 மில்லிமீற்றர். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் கீறல் விழுந்த இடத்துக்குக் கிடைக்கும் உயரம் அது மட்டுமே.

25 ஜனவரி, சனி

பஞ்சிகாவத்தை. காலை ஒன்பது மணிக்கே நடக்க இடமில்லை. மழைத்தண்ணீரும் எண்ணெயும் கலந்து வானவில் நிறத்தில் ஓடும் அந்தத் தெருவில், வாகனத்தின் எந்த உறுப்பைக் கேட்டாலும் யாரோ ஒருவர் உள்ளே போய் எடுத்து வருகிறார். இந்தத் தெரு இல்லாவிட்டால் 2020இல் வாகன இறக்குமதி நின்றபின் இந்த நாட்டில் எத்தனை பழைய வாகனங்கள் ஓடியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

முதல் கடையில் சுருள்வில்லின் தலையில் வைக்கும் பொலியூரித்தேன் வளையங்களைக் காட்டினார்கள். மிக மலிவு. பழைய சுருள்வில்லும் பழைய ஷொக்கும் அப்படியே இருக்க, உடல் மட்டும் மேலே போகும். ஷொக்கின் நீளம் மாறாதபடியால் சில்லு கீழே தொங்கக்கூடிய தூரம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். மேடு பள்ளத்தில் சில்லு நிலத்தை விட்டுச் சீக்கிரம் எழும்பும், ஷொக்கும் எல்லைக்குப் போய் இடிக்கும். இரண்டாவது கடையில் சேஸிக்கும் உடலுக்கும் நடுவே வைக்கும் கட்டைகள். அவை பெரிய ரயருக்கு இடம் தரும், வயிற்றுக்கு ஒன்றும் தராது. இரண்டையும் வேண்டாம் என்று சொன்னேன்.

மூன்றாவது கடையில் முழு கிட் இருந்தது: நாலு சுருள்வில், அவற்றுக்கு ஏற்ற நீளத்தில் நாலு ஷொக். மூன்று அங்குலம், பாரம் தாங்கும் வகை. "கனமானது, வாழ்நாளுக்கும் வரும்" என்றார் விற்பவர். நாலாவது கடை முதலாளி மட்டுந்தான், வயதானவர், என்னைத் திருப்பிக் கேட்டார்: "ஒவ்வொரு நாளும் வண்டியில் எவ்வளவு பாரம் இருக்கும்?"

என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்காக அவரிடமே வாங்குவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

2 பெப்ரவரி, ஞாயிறு

ஐந்து வருடத் தடைக்குப் பிறகு தனியார் வாகனங்களை மீண்டும் இறக்குமதி செய்யலாம் என்று பத்திரிகையில் இருக்கிறது. அம்மா அதை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். எனக்கு இந்த வண்டியே போதும்.

இன்று முழுவதும் பாரம் நிறுத்தேன். வண்டியில் எப்போதும் கிடப்பவை: கருவிப்பெட்டி, ஜாக், இழுவைக் கயிறு, காற்றடிக்கும் சிறு கம்ப்ரசர். எல்லாமாக 31 கிலோ. வயலுக்குப் போகும் நாட்களில் அம்மா, ஒரு பசளை மூட்டை, தண்ணீர்க் கான்கள், சிலவேளை நீர்ப்பம்பி. அப்போது 180 கிலோ வரை போகும். ஆனால் மாதத்தில் இருபத்தைந்து நாட்களுக்கு மேல் நானும் அந்த 31 கிலோவும் மட்டும்தான்.

சுருள்வில்லைத் தெரிவு செய்ய வேண்டியது அந்த இருபத்தைந்து நாட்களுக்கு. பாரமான வில் என்பது இரும்புப் பம்பர், வின்ச், கூரைமேல் கூடாரம் என்று நிரந்தரமாகச் சுமக்கும் வண்டிக்கு. வெறும் வண்டியில் அதைப் போட்டால் அது அமுங்கவே மாட்டாது. தெஹிவளைப் பாலத்து இணைப்பு ஒவ்வொன்றும் முதுகுத்தண்டில் ஏறும். ஷொக்கின் வேலை சுருள்வில் விரிந்து எழும் வேகத்தைப் பிடித்து வைப்பது. வில்லின் விறைப்புக்கு ஒத்த ஷொக் இல்லாவிட்டால் வண்டி துள்ளும். ஆஸ்திரேலியாக்காரர்கள் இதை நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். 1975இல் மெல்பேர்னில் தொடங்கிய ஏ.ஆர்.பி. நிறுவனத்தின் ஓல்ட் மேன் ஈமு வில்கள் உயரத்தை மட்டும் வைத்து விற்கப்படுவதில்லை, சுமக்கும் பாரத்தைப் பார்த்துத்தான் வகை பிரிக்கப்பட்டிருக்கின்றன.

இன்னுமொன்று அளந்தேன். சில்லின் நடுப்புள்ளியிலிருந்து மட்காட் விளிம்புவரை நாடா பிடித்தேன். பாஸின் கராஜில் புதிதாக மூல அளவு வில் போட்ட அதே வகை வண்டி ஒன்று நின்றது, அதையும் அளந்திருந்தேன். என்னுடையது முன்னால் 12 மில்லிமீற்றரும் பின்னால் 26 மில்லிமீற்றரும் தாழ்ந்து கிடக்கிறது. பழைய வில் களைத்துவிட்டது. உயர்த்துவதற்கு முன்னமே ஓர் அங்குலத்தைத் தொலைத்திருக்கிறேன்.

9 பெப்ரவரி, ஞாயிறு

அலுவலகத் தோழர் ஒருவர் தன் மூன்று அங்குலம் உயர்த்திய ஜிம்னியை ஓட்டத் தந்தார். பேஸ்லைன் வீதியில் ஒரு குழியில் விழுந்து எழுந்ததும் சுக்கான் என் கையில் இடமும் வலமுமாக வெட்டி உதறத் தொடங்கியது. வேகத்தை முற்றாகக் குறைத்த பிறகுதான் அடங்கியது. கை நடுக்கம் வீட்டுக்கு வந்த பிறகும் நிற்கவில்லை. பின்னால் குழந்தைகள் இருந்திருந்தால் என்ற நினைப்பு வந்து வந்து போகிறது. அவரிடம் இதைத் திருத்தாமல் ஓட்ட வேண்டாம் என்று மன்றாடிச் சொல்லிவிட்டு வந்தேன்.

பாஸ் காரணத்தை விளக்கினார். முன் அச்சைச் சேஸியோடு பிணைப்பவை இரண்டு நீளக் கைகள். உடல் உயரும்போது அந்தக் கைகள் கீழ்நோக்கிச் சரியும், அச்சு முன்பக்கமாக உருளும். அப்போது காஸ்டர் கோணம் குறைந்துவிடும். கடைகளில் சாமான் தள்ளும் வண்டியின் முன்சில்லைப் பார்த்திருப்போம், அதன் பிடி முன்னாலும் சில்லு பின்னாலும் இழுபட்டு வருவதால்தான் நேரே ஓடுகிறது. அந்த இழுபடும் குணத்தை ஜீப்புக்குத் தருவது காஸ்டர். அது குறைந்தால் சுக்கான் தானாக நேருக்குத் திரும்பாது. அதோடு முன்சில்லு திரும்பும் ஆணியைத் தாங்கும் கிங் பின் பெயாரிங்கும், அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் தண்டின் ரப்பர் புஷ்களும் தேய்ந்திருந்தால் ஒரு குழியே போதும், உதறல் தொடங்கிவிடும்.

குறைந்த காஸ்டரை ஈடுசெய்ய, துளை நடுவில் இல்லாமல் ஒதுங்கிய காஸ்டர் புஷ்கள் கிடைக்கின்றன. அவை பெரிய விலையில்லை. அவற்றைப் பற்றி எந்தக் கடையிலும் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

15 பெப்ரவரி, சனி

முடிவு செய்துவிட்டேன். மூல அளவைவிட 40 மில்லிமீற்றர் உயர்ந்த, நடுத்தரப் பாரத்துக்கான வில்கள், அவற்றோடு வரும் ஷொக்குகள். காஸ்டர் புஷ், நீளம் மாற்றக்கூடிய முன் பான்ஹார்ட் தண்டு, புதுக் கிங் பின் பெயாரிங், எல்லாக் கைகளுக்கும் புது ரப்பர் புஷ். 215/75 R15 ரயர், சேற்றுக்கு மட்டுமான முரட்டுப் பல் வேண்டாம், எல்லா நிலத்துக்கும் ஆனது. மழையில் நனைந்த காலி வீதியில் ஒவ்வொரு நாளும் பிரேக் பிடிக்கிறவள் நான். காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றங்களை எழுத்தில் அறிவித்தேன்.

புஷ்களுக்கும் பெயாரிங்குக்கும் போகும் பணத்தில் இன்னோர் அங்குலம் உயரம் வாங்கலாம் என்று தம்பி சொன்னான். வேண்டாம் என்றேன்.

1 மார்ச், சனி

காலை எட்டு மணிக்குத் தொடங்கிய வேலை இரவு ஒன்பதரைக்கு முடிந்தது. மெரைன் டிரைவ் கடற்காற்று பதினாறு வருடமாகச் செய்த வேலை அது. பின் கைகளின் போல்ட்கள் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துருவில் ஒட்டி ஒன்றாகிவிட்டிருந்தன. நெருப்புக் காட்டினார்கள், எண்ணெய் ஊற்றி ஊறவிட்டார்கள், சுத்தியலால் அடித்தார்கள். கடைசியில் இரண்டை அறுத்தே எடுத்தார்கள். புதுப் போல்ட் பூட்டுமுன் கிறீஸ் தடவச் சொல்லி நானே பக்கத்தில் நின்றேன்.

பாஸ் செய்த ஒரு காரியத்தைப் பதிந்து வைக்கிறேன், இது எல்லோருக்கும் தெரிய வேண்டியது. எல்லாம் பூட்டிய பிறகு சேஸியைத் தூக்கி, அச்சு இரண்டையும் முழுதாகத் தொங்கவிட்டார். அந்த நிலையில் பிரேக் ஹோஸ்களையும் ஏ.பி.எஸ். வயர்களையும் ஒவ்வொன்றாக விரலால் தூக்கிப் பார்த்தார். முன் வலது ஹோஸ் வீணைத் தந்திபோல் விறைத்து நின்றது. நிலத்தில் நிற்கும்போது அது தெரிந்திருக்காது. ஏதோ ஒரு பள்ளத்தில், சில்லு முழுதாகத் தொங்கும் ஒரு கணத்தில் தெரியவந்திருக்கும். நீளமான ஹோஸ் வாங்கிவர ஆளை அனுப்பினார்.

புஷ்களின் போல்ட்களை இறுக்குவதும் வண்டி தன் சில்லில் நிற்கும்போதுதான். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே பிடிபட்டுச் சீக்கிரம் கிழிந்துவிடும். முன் அச்சு 6 மில்லிமீற்றர் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது, பான்ஹார்ட் தண்டைத் திருகி நடுவுக்குக் கொண்டுவந்தோம்.

4 மார்ச், செவ்வாய்

காலி வீதியில் மூன்று நாள். சுக்கான் விட்ட இடத்தில் நேராக நிற்கிறது. வேகத்தடைகள் முன்பைவிட மென்மை. முன்விளக்கு எதிரில் வருபவர் கண்ணில் விழுந்தது, இன்று தாழ்த்தினேன். வேகமானி 60 காட்டும்போது உண்மையில் 63 ஓடுகிறேன்.

அம்மாவால் ஏற முடியவில்லை. வாசற்படி முன்பைவிட ஏழு சென்ரிமீற்றருக்கு மேல் உயர்ந்துவிட்டது, அவருடைய வலது முழங்காலுக்கு அது பெரிய தூரம். பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்குப் போகப் புறப்பட்டவர், கதவைப் பிடித்தபடி சிறிது நேரம் நின்றுவிட்டு, "நீ போய் வா" என்றார். இத்தனை நாள் நாடாவோடு திரிந்த நான் அவருடைய காலை அளக்கவில்லை. இது என் பிழை. நாளைக்கே முன் தூணில் கைப்பிடியும் வாசலுக்குக் கீழே ஒரு படியும் பூட்டச் சொல்லியிருக்கிறேன். படி தொங்கி அடிபடாதபடி சேஸிக்கு ஒட்டியபடி இருக்க வேண்டும்.

15 மார்ச், சனி, ஒட்டுசுட்டான்

போயா விடுமுறையோடு வெள்ளிக்கிழமையும் லீவு எடுத்து வந்தோம். அம்மா கைப்பிடியைப் பிடித்து, படியில் கால் வைத்து, தானே ஏறினார்.

புறப்படுமுன் டிஃபரன்ஷல் உருண்டைகள், குறுக்குச் சட்டம், ஷொக்கின் கீழ்ப் பிடிகள் எல்லாவற்றிலும் வெள்ளைப் பெயின்ற் பூசியிருந்தேன். வயல்பாதை இப்போது காய்ந்து கிடக்கிறது. அறுவடைக்கு வந்த இயந்திரங்களின் தடம் அப்படியே இறுகி, நடு மேடு செங்கல்போல் ஆகிவிட்டது. ரயர்க் காற்றை 26 பி.எஸ்.ஐ.யிலிருந்து 18க்கு இறக்கி, லோ கியரில் மெல்ல நகர்த்தினேன். ஜனவரியில் அமர்ந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஓர் உரசல் சத்தம் கேட்டது, வண்டி நிற்கவில்லை. அம்மா என் தோளைத் தட்டினார்.

கொட்டிலடியில் சாக்கு விரித்துக் கீழே படுத்துப் பார்த்தேன். குறுக்குச் சட்டத்துப் பெயின்ற் பூசினபடியே இருந்தது. முன் உருண்டையில் தூசி மட்டும். பின் உருண்டையில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு. ஷொக்கின் கீழ்ப் பிடிகள் இரண்டிலும் வெள்ளை முழுதாக உரிந்திருந்தது. அவை அச்சோடு தொங்குபவை, எந்தச் சுருள்வில்லும் அவற்றைத் தூக்காது.

அப்பாவும் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தார். "இதற்கு மேல் வண்டியை உயர்த்தாதே, அம்மா ஏற வேண்டும்" என்றார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாதைக்கு நடந்தார். நான் இரண்டாவது மண்வெட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். பொழுது படும்வரை நாற்பது அடி மேட்டைச் சீவினோம். மீதி நாளைக் காலை.