அப்பாவின் விதை நோட்டும் லினக்ஸ் மிண்ட்டும்

எங்கள் வீட்டுக் கணினிக்கு 11 வயது. 2014ல் மன்னார்குடியில் அசெம்பிள் செய்து வாங்கியது. நான்காம் தலைமுறை ஐ3 பிராசசர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். 2018 நவம்பரில் கஜா அடித்த ராத்திரி, மாட்டுக் கொட்டகை ஓடெல்லாம் பறந்துகொண்டிருந்தபோது, அப்பாவும் நானும் இதை உரச் சாக்கில் சுற்றி நெல் மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தோம். திருத்துறைப்பூண்டி பக்கம் கரண்டு திரும்பி வர எத்தனை நாள் ஆயிற்று என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வந்த அன்று சாக்கைப் பிரித்து, தூசி தட்டி, சுவிட்சைப் போட்டேன். ஓடியது.

அதனால்தான் போன அக்டோபரில், கணினி வாங்கப் போன கடை ஒன்றில், "இதைப் போட்டுட்டு வேற வாங்கிடுங்கக்கா, இனிமே இது வேலைக்கு ஆகாது" என்று சொன்னபோது மனம் ஒப்பவில்லை. அவர்கள் சொன்ன காரணம் உண்மைதான். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசசர் வேண்டும். என்னுடையது நான்கு. ஆனால் கணினியில் எந்தப் பழுதும் இல்லை. மானிட்டரில் ஒரு கீறல்கூட இல்லை.

இந்தக் கணினியில் இருக்கும் முக்கியமான பொருள் அப்பாவின் விதை நோட்டு. எந்த ரகம், எந்த வயல், நாற்று விட்ட தேதி, நட்ட தேதி, ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை கண்டது, எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொரு வருடத்துப் பக்கத்திலும் முதல் வரி மேட்டூர் திறந்த தேதிதான். 2020ல் ஜூன் 12. 2022ல் மே 24. அவர் கையால் எழுதியதை நான் பல வருடமாகத் தட்டச்சு செய்து சேர்த்து வருகிறேன். இதைத் திறக்கும் கணினி பாதுகாப்பில்லாமல் இணையத்தில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பயமாக இருந்தது.

அண்ணன் மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். போனில் சொன்னேன். "அத்தை, லினக்ஸ் மிண்ட் போட்டுப் பாருங்க. போடக்கூட வேணாம், பென்டிரைவ்லேயே ஓட்டிப் பாக்கலாம். புடிக்கலன்னா பென்டிரைவைப் புடுங்கிட்டா பழையபடி விண்டோஸ் வந்துரும்" என்றான். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் லினக்ஸ். அந்தப் பெயர் எனக்குப் புதிதல்ல. அவன் அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு லேப்டாப்பை ஆன் செய்தால் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்கும். பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய லினக்ஸ். எங்கள் வீட்டில் ஒருவர்கூட அந்த இரண்டாவது வரியைத் தொட்டதில்லை. யாராவது உட்கார்ந்து ஒரு மணி நேரம் காட்டிக் கொடுத்திருந்தால் தொட்டிருப்போம் என்று இப்போது நினைக்கிறேன்.

மிண்ட்டில் மூன்று வகை உண்டு: சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ. பழைய கணினிக்குக் கடைசி வகைதான் இலகு. நான் எடுத்தது 22.2. அதற்கு ஜாரா என்று பெயர். 2006ல் வந்த முதல் பதிப்பிலிருந்தே மிண்ட்டுக்குப் பெண்கள் பெயர்தான் வைக்கிறார்கள், எனக்குப் பிடித்திருந்தது. 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு என்பது அதைவிடப் பிடித்திருந்தது.

கோப்பு மூன்று ஜிபியை ஒட்டி வரும். என் போன் பேக்கில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபிதான். டோரன்டில் எடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்றான் அண்ணன் மகன். மூன்று ராத்திரி, எல்லோரும் படுத்த பிறகு, ஹாட்ஸ்பாட் போட்டு எடுத்தேன். எடுத்த கோப்பு முழுசாக, வேறு யாரும் கை வைக்காததாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கோப்பிலிருந்து 64 எழுத்துகளும் எண்களுமாக ஒரு கைரேகை கணக்கிட்டு, மிண்ட் தளத்தில் போட்டிருப்பதோடு ஒப்பிட வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் அந்தக் கோப்பு ஆகாது. போனில் மிண்ட் தளத்தைத் திறந்து அப்பா கையில் கொடுத்தேன். கணினியில் வந்ததை நான் நாலு நாலாகப் படிக்க, அவர் போனில் விரல் வைத்துக்கொண்டே "ம்... ம்..." என்று வந்தார். கொள்முதல் நிலையத்தில் எடை போடும்போது மூட்டைக்கு மூட்டை நின்று சரிபார்க்கிற மனிதர். பாதியில் ஒரு இடத்தில் "இரும்மா, திரும்பச் சொல்லு" என்றார். திரும்பச் சொன்னேன். கடைசி வரை சரியாக இருந்தது.

ரூஃபஸ் என்ற மென்பொருளால் அதை 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, கணினியை ரீஸ்டார்ட் செய்து, எஃப்12 அழுத்திப் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தேன். வட்டத்துக்குள் மிண்ட் சின்னம் வந்தது, அப்புறம் முழு டெஸ்க்டாப்பும் வந்துவிட்டது. ஹார்டு டிஸ்க்கில் ஒன்றும் தொடவில்லை. போனை யுஎஸ்பி ஒயரில் செருகி டெதரிங் போட்டேன், எந்த டிரைவரும் கேட்காமல் இணையம் வந்தது. பயர்பாக்ஸில் பட்டா சிட்டா பக்கத்தைத் திறந்தேன். தமிழ் சுத்தமாகத் தெரிந்தது. அன்று மூன்று மணி நேரம் அதிலேயே இருந்தேன்.

போட்டுவிடுவது என்று முடிவானதும் விதை நோட்டை இரண்டு இடத்தில் நகல் எடுத்தேன். விதைநெல்லை ஒரே வைக்கோல் கோட்டையில் வைக்காதே என்பது அப்பா சொல்லி வளர்த்தது. விண்டோஸை அழிக்காமல், பக்கத்திலேயே 200 ஜிபி ஒதுக்கி மிண்ட் போடுவதாகத் திட்டம். இதில் ஆபத்தான கட்டம் டிஸ்க்கைப் பிரிக்கிற நேரம். நடுவில் கரண்டு போனால் இரண்டும் போகலாம். என் யுபிஎஸ் பேட்டரி ஏழு நிமிடம் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. ஐப்பசி மழை வேறு பிடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பராமரிப்புப் பணிக்கு மின்தடை உண்டா என்று மின்வாரிய அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். இல்லை என்றார்கள். வானம் கொஞ்சம் வெளுத்த ஒரு காலையில், ஃபிரிட்ஜையும் மோட்டாரையும் நிறுத்திவிட்டு ஆரம்பித்தேன். அந்தக் கோடு நகர்கிற நேரம் முழுக்க எழுந்திருக்கவே இல்லை. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

முன்பு ஆன் செய்துவிட்டுப் போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் ஹார்டு டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். இப்போது ஒன்றரை நிமிடத்தில் வேலை பார்க்கலாம். ஒன்றும் திறக்காமல் இருக்கும்போது மெமரி 800 எம்பி பக்கம்தான் எடுக்கிறது. பிரவுசரில் பத்து டேப் திறந்தால் திணறும், 4 ஜிபிக்கு அவ்வளவுதான் முடியும்.

தமிழில் தட்டச்சு செய்வதுதான் என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இதே இடத்தில் விட்டுவிட்டுப் போனவர்கள் இருப்பார்கள். நான் தமிழ்99 விசைப்பலகை பழகியவள். கீபோர்டு செட்டிங்ஸில் தமிழ்நெட் 99 என்றே ஒரு அமைப்பு இருக்கிறது. சந்தோஷமாகச் சேர்த்தேன். "பக்கம்" என்று அடித்தால் "பககம்" என்று வந்தது. தமிழ்99ல் க-வை இரண்டு முறை தட்டினால் முதல் க-வுக்குத் தானாகப் புள்ளி விழ வேண்டும். ங-வுக்குப் பின் க, ந-வுக்குப் பின் த வந்தாலும் அப்படித்தான். கை அந்தக் கணக்கில் பழகிவிட்டது. ஆனால் செட்டிங்ஸில் இருக்கும் அமைப்பு ஒரு விசைக்கு ஒரு எழுத்தைக் கொடுக்கும், அவ்வளவே. முந்திய எழுத்து என்ன என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு புள்ளிக்கும் எஃப் விசையைத் தட்டிக்கொண்டு ஒரு பக்கம் அடித்துப் பார்த்தேன், விரல் தடுமாறிக்கொண்டே இருந்தது.

தீர்வு வேறு இடத்தில் இருந்தது. சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பைப் போட்டு, ஐபஸ் விருப்பங்களில் தமிழ் என்பதற்குக் கீழே இருக்கும் தமிழ்99ஐச் சேர்த்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வர வேண்டும். வந்து "தங்கம்", "பந்தல்", "அம்மா" என்று வரிசையாக அடித்தேன். புள்ளி ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் விழுந்தது. அதே பட்டியலில் தட்டச்சுப்பொறி அமைப்பும் ஒலிபெயர்ப்பு முறையும் உண்டு, பழகியதை எடுத்துக்கொள்ளலாம். இது போன்ற விஷயங்களைத் தமிழில் எழுதி வைத்திருப்பவர்கள் கணியம் இதழ்க்காரர்கள். 2012லிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதி, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்து வருகிறார்கள். அவர்களுக்கு என் நன்றி.

பிரிண்டர் மட்டும் வரவில்லை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். என்னிடம் இருக்கும் மாடலுக்கு லினக்ஸ் டிரைவரோடு மூன்று நாள் மல்லுக்கட்டினேன், காகிதம் நகரவில்லை. பிரிண்ட் எடுக்க மட்டும், இணையத்தைக் கழற்றிவிட்டு, பழைய விண்டோஸுக்குள் போய்விட்டு வருகிறேன். இந்த எரிச்சலில் தேடிப் படித்தபோது ஒன்று தெரிந்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கமே ஒரு பிரிண்டரில்தான் தொடங்கியது என்று சொல்வார்கள். அமெரிக்காவில் எம்ஐடி ஆய்வகத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், அங்கே வந்த புது லேசர் பிரிண்டரில் காகிதம் சிக்கினால் தகவல் வரும்படி மென்பொருளைத் திருத்த நினைத்தார். பழைய பிரிண்டருக்கு அப்படித்தான் செய்து வைத்திருந்தார். புதியதன் மூல நிரலை அவருக்குத் தர மறுத்துவிட்டார்கள். 1983ல் அவர், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1991ல் ஹெல்சின்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தன் 21 வயதில், இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னலை எழுதி வெளியிட்டார். அடுத்த வருடம் அதை ஸ்டால்மன் வகுத்த ஜிபிஎல் உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது மூல நிரலோடு, இதே உரிமையோடு கொடுக்க வேண்டும்.

இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் உடனே, "ஆதிரெங்கத்துல குடுத்த மாதிரியா?" என்றார்.

ஆதிரெங்கம் எங்களுக்குப் பக்கம். நெல் ஜெயராமன் அங்கேதான் பாரம்பரிய நெல் திருவிழா நடத்துவார். 170க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டெடுத்தவர், 2018 டிசம்பரில் காலமானார். விழாவுக்கு வருகிறவர்களுக்கு 2 கிலோ விதை கொடுப்பார்கள், அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். காசு வாங்குவதில்லை. அப்பா பூங்காரும் மாப்பிள்ளைச் சம்பாவும் அப்படித்தான் வாங்கினார். திருப்பிக் கொடுத்த தேதியும் நோட்டில் இருக்கிறது. எங்கோ ஒரு நாட்டில் யாரோ உரிமமாக எழுதி வைத்ததை, விதை வாங்கிக் கொடுத்த ஒருவர் ஒரு நொடியில் புரிந்துகொண்டார்.

நோட்டு என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். பழைய கோப்புகள் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. லிப்ரே ஆஃபீஸில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது. விண்டோஸ் பக்கத்திலிருந்து எழுத்துருக் கோப்பை எடுத்துப் போட்டதும் தமிழ் தெரிந்தது. ஆனால் எழுத்துரு இல்லாத எந்த இடத்திலும் அது மறுபடி குப்பையாகத்தான் நிற்கும், தேடினாலும் எதுவும் அகப்படாது. எல்லாக் கணினியிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றிவிடுவது என்று உட்கார்ந்தோம். அண்ணன் மகன், தன்னார்வலர்கள் உருவாக்கிய ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பை வைத்துப் பத்து வரி எழுதி அனுப்பினான். டெர்மினலில் ஓட்டினேன். கண் மூடித் திறப்பதற்குள் எல்லா வருடமும் யூனிகோடில் வந்து நின்றது.

அதில் ஒரு சிக்கல். நடுநடுவே நான் ஆங்கிலத்தில் அடித்திருந்த ரகப் பெயர்களையும் அது பாமினி என்று நினைத்து மாற்றிவிட்டது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்து ரகங்களுக்கு ஏ.டி.டி. என்று போட்டிருப்பேன், அந்த இடத்திலெல்லாம் அர்த்தமில்லாத மூன்று தமிழ் எழுத்துகள். அதற்குப் பின்னால் வரும் ரக எண்ணையும் நான் சில வருடம் விட்டிருக்கிறேன். கையெழுத்து நோட்டில் பாதி கஜா மழையில் நனைந்து ஊறிப்போனது, பார்த்துத் திருத்த வழியில்லை.

இப்போது தினமும் சாயங்காலம் அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறார். எழுத்தைப் பெரிதாக்கி வைக்கிறேன். வயல் பெயரையும் மூட்டைக் கணக்கையும் படித்துக் காட்டினால் ரகத்தைச் சொல்லிவிடுகிறார். நேற்று ஒரு வரியில் நின்றோம். வாய்க்கால் மேட்டு வயல், குறுவை, நாற்று விட்ட தேதி உண்டு, ரகம் மட்டும் சிதைந்திருந்தது. கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"43 தாம்மா. அந்த வருசம் 45 விதை கெடைக்கல, உங்கம்மாதான் அவங்க ஊர்லேருந்து 43 கொண்டாந்தா. அதையும் எழுது."

எழுதினேன். இன்னும் ஆறு வருடத்துப் பக்கம் பாக்கி இருக்கிறது.