'ளக்'

மார்ச் 3
குழந்தை பால் குடிக்கும்போது மறுபடியும் அந்த 'ளக்'. இரவு முழுக்க.

மார்ச் 4
ஒரு மணி நேரம் குடிக்கிறான், இறக்கிவிட்ட கொஞ்ச நேரத்தில் மறுபடி பசித்து அழுகிறான். நாலு இழு இழுத்ததும் 'ளக்', பிடி நழுவுகிறது. காற்றையும் சேர்த்து விழுங்குகிறான். வாயோரம் வழிந்த பால் கழுத்து மடிப்பில் தேங்குகிறது. வாயை எடுத்ததும் காம்பைப் பார்த்தேன். ஒரு பக்கம் சப்பையாகி, புது லிப்ஸ்டிக் முனை மாதிரி சரிந்து கிடந்தது. "ஆரம்பத்துல எல்லாருக்கும் வலிக்கும்டி" என்கிறாள் அம்மா. வலிக்கும், சரி. வடிவமுமா மாறும்?

மார்ச் 5
அழும்போது டார்ச் அடித்துப் பார்த்தேன். நாக்கின் ஓரங்கள்தான் எழும்புகின்றன, நடுப்பகுதி கீழேயே நிற்கிறது. நுனியில் சின்னப் பள்ளம். அடியில் நாக்கை வாயின் தரையோடு இணைக்கும் மெல்லிய சவ்வு, நுனிக்கு வெகு பக்கத்தில்.
"இவன் அப்பனுக்கும் நாக்கு ஒட்டித்தான் இருந்துச்சு. அவன் பேசலையா?" என்றார் அத்தை. பரம்பரையாகவும் வருமாம். இவரை நாக்கை நீட்டச் சொன்னேன். உதட்டைத் தாண்டவில்லை!

மார்ச் 7
பிறந்த எடையை இன்னும் தொடவில்லை. முதல் நாட்களில் குறைவது இயல்புதான், ஆனால் இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் திரும்பிவிட வேண்டும். ஒரு நாளைக்கு 6 டயப்பராவது நனைய வேண்டும்.

மார்ச் 8
ஐந்து. இன்னொன்று லேசான ஈரம். அதையும் சேர்த்துக்கொண்டேன்.

மார்ச் 10
தாய்ப்பால் ஆலோசகர் நாக்கைப் பார்க்கவில்லை, முதலில் அவன் குடிப்பதைத்தான் பார்த்தார். அப்புறம்தான் கையுறை போட்டு விரலைச் சப்பக் கொடுத்தார். நாக்கு கீழ் ஈறுக்கு மேல் நீண்டு மார்பை ஏந்திப் பிடிக்க வேண்டும், அது முடியாதபோது குழந்தை ஈறால் கடிக்கிறது என்றார். சவ்வு இருப்பதாலேயே வெட்ட வேண்டியதில்லையாம். எத்தனையோ குழந்தைகள் அதோடு நன்றாகக் குடிக்கின்றன. முதலில் பிடியைச் சரிசெய்து பார்ப்போம் என்றார். நான் சாய்ந்து உட்கார்ந்து, அவன் முகவாய் முதலில் மார்பில் பட, வாய் அகலத் திறந்த பிறகு கொடுக்க வேண்டும். இன்று கொஞ்சம் பரவாயில்லை.

மார்ச் 11
பரவாயில்லை என்று எழுதியிருக்கக் கூடாது. இரவெல்லாம் 'ளக்'.
தூக்கம் போனதால் படித்தேன். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2017 தொகுப்பில் 5 ஆய்வுகள், 302 குழந்தைகள். வெட்டிய பிறகு தாய்க்கு வலி குறைந்திருக்கிறது. பால் குடிப்பது மேம்படுகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இவ்வளவு சின்ன ஆதாரத்தை வைத்துக்கொண்டு, உதட்டுச் சவ்வு, கன்னச் சவ்வு என்று எல்லாவற்றையும் லேசரால் வெட்டச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 12
இன்று பேச்சுக் கவலை. நாக்கு ஒட்டு பேச்சையே தாமதப்படுத்துவதில்லை, சில ஒலிகள் மட்டும் சிலருக்குச் சிரமப்படலாம் என்கிறார் டாக்டர். பின்னால் பேச்சு வராதோ என்று பயந்து இப்போதே வெட்ட வேண்டாம் என்றார். இவரை 'ழ' சொல்லச் சொன்னேன். அட்சர சுத்தம். அப்புறம் நாள் முழுக்கச் சொல்லிக் கடுப்பேற்றினார்.

மார்ச் 14
எடை அசையவில்லை. என் காம்புப் புண்ணில் ரத்தம். வெட்டிவிடலாம் என்றார் டாக்டர். ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசி இவனுக்குப் போட்டாயிற்றா, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத நோய் உண்டா என்று கேட்டார்.

மார்ச் 15
துணியில் சுற்றி, தலையைப் பிடித்துக்கொண்டு, மழுங்கிய முனைக் கத்தரிக்கோலால் ஒரு வெட்டு. சுற்றியதற்குத்தான் அதிகம் அழுதான். ஓரிரு சொட்டு ரத்தம். உடனே மார்பில் போட்டார்கள்.

மார்ச் 17
நாக்கடியில் வெள்ளைத் திட்டு. சீழ் இல்லை, ஆறுகிற புண் அப்படித்தான் இருக்கும். வலது பக்கம் வலியே இல்லை. இடது பக்கம் இன்னும் கடிக்கிறான். புதன்கிழமை எடை பார்க்க வேண்டும்.