பெயிண்டுக்கு முன்னால் மொட்டை மாடி

புதுப்பிக்க வேண்டிய பழைய அரசுப் பள்ளிக் கட்டடத்தைப் பார்வையிடப் போனால், எல்லோரும் முதலில் வகுப்பறைக்குத்தான் அழைத்துப் போவார்கள். நான் சாவியை வாங்கிக்கொண்டு மாடிக்கு ஏறிவிடுவேன். மழைநீர்க் குழாயின் வாயைச் சருகும் நோட்டுத் தாளும் ஒரு பந்தும் அடைத்திருக்கும். கைப்பிடிச் சுவரின் அடியில் செடி வேர்விட்டிருக்கும். கீழே மூன்றாம் வகுப்பில் கூரைப் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிவதற்கு, இங்கே தேங்கிய தண்ணீர்தான் காரணம்.

நல்ல கான்கிரீட்டின் பி.எச்., அதாவது காரத்தன்மையைக் காட்டும் அளவு, 12-க்கு மேல் இருக்கும். அந்தக் காரம் இருக்கும்வரை உள்ளே கம்பி பத்திரம். காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே இறங்கி, அதை 9 அளவுக்குக் கொண்டுவந்துவிடும். பிறகு ஈரம் பட்டால் போதும்; துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருத்து, மேலிருக்கும் கான்கிரீட்டையே பிளந்து தள்ளும். கண்டுபிடிப்பது சுலபம். புதிதாக உடைத்த இடத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் உள்ள பகுதி அடர் ரோஸ் நிறமாகும். காரம் போன பகுதி அப்படியே கிடக்கும். ஒரு பள்ளியில் கம்பியையும் தாண்டி நிறமே வரவில்லை. பக்கத்தில் நின்ற தலைமையாசிரியர், “போன வருஷம்தானே சார் பூசிட்டுப் போனாங்க?” என்றார். துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே பூசியிருந்தார்கள். பதில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

எஸ்டிமேட்டில் கத்தரி விழும்போது முதலில் போவது மாடி நீர்க்கசிவுத் தடுப்புதான். ஸ்மார்ட் போர்டில் யாரும் கை வைக்க மாட்டார்கள். திறப்பு விழாவுக்கு வருகிறவர் மாடி ஏறிப் பார்க்கப்போவதில்லையே!

இன்னொரு ஆதங்கமும் உண்டு. அந்தக் காலத்து வகுப்பறைகளில் உயரமான கூரை, எதிரெதிர் ஜன்னல்கள், மேலே வென்டிலேட்டர் எல்லாம் இருந்தன. நவீனமாக்குகிறோம் என்று ஃபால்ஸ் சீலிங் போட்டு, ஜன்னலை அடைத்து, ஏ.சி. மாட்டுகிறோம். சாதாரண ஸ்பிலிட் ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்குமே தவிர, வெளிக்காற்றைக் கொண்டுவராது. நாற்பது பிள்ளைகள் மூச்சுவிடும் மூடிய அறையில் கரியமில வாயு 1,000 பி.பி.எம்.மை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் ஆயிரம் பங்கைத் தாண்ட அதிக நேரம் பிடிக்காது. பிள்ளைகள் கொட்டாவி விடுவதற்குப் பாடத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவருக்கு சிமெண்ட் பூச்சு பூசுவதும் இதே ரகம்தான். சுவரில் ஏறிய ஓதம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்துவிடும்.

சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1:12-க்கு (பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஓர் அடி உயரம்) மேல் செங்குத்தாகக் கூடாது என்பதில் இப்போது யாரும் தகராறு செய்வதில்லை, நல்ல வேளை. தகராறெல்லாம் கழிப்பறையில்தான். குழாய்களைச் சுவருக்குள் புதைக்காமல் வெளியே தெரியும்படி ஓட்டுங்கள் என்றால் ஆர்க்கிடெக்ட் முகம் சுளிப்பார். அழகு கெடுமாம். எங்கே கசிகிறது என்று வாட்ச்மேன் நின்ற இடத்திலிருந்தே சொல்ல முடிய வேண்டும், சுவரை உடைத்துத் தேடக் கூடாது என்பது என் கட்சி. ஃபால்ஸ் சீலிங் விஷயத்தில் பல தடவை தோற்றிருக்கிறேன். குழாய் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை.